கானல்வரியும் கண்ணாடிப் பேழையும்

அருங்காட்சியகம் என்பது கண்ணுக்காக அமைக்கப்பட்ட இடம். இசையோ செவிக்குரியது. ஆகவே இசைவாணர் ஒருவரைக் காட்சிப் பொருளாக்க முனைவோர் முதல் அடியிலேயே ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். அவர் மீட்டிய தம்புராவை வைக்கலாம். உடுத்திய பட்டை மடித்து வைக்கலாம். பெற்ற பதக்கங்களை வரிசைப்படுத்தலாம். பாட்டை எங்கே வைப்பது? அந்த இசைவாணர் ஒருவராக இல்லாமல் இருவராக, அதுவும் கணவன் மனைவியாக இருந்துவிட்டால், இடர்ப்பாடு இரு மடங்காகிறது. அப்போது பார்வையாளர் தேடுவது பாட்டை அன்று, அவ்விருவரின் வாழ்க்கையை. கலையைப் பார்க்க வந்தவர் கதையைக் கேட்டுவிட்டுப் போகிறார்.

இந்த எண்ணம் எனக்கு எழுந்தது சாலார் ஜங் அருங்காட்சியகத்தில். மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவருக்கு நகரைக் காட்டுவதற்காக மாரெட்பள்ளியிலிருந்து மூசி நதிக்கரைக்குச் சென்றிருந்தேன். இச்சங்கத்து அன்பர்களில் விருந்தினரை அங்கே அழைத்துச் செல்லாதவர் அரியர். 1951-இல் திவான் தேவடி மாளிகையில் தொடங்கப்பெற்று, 1968-இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்த அக்கூடத்தில், மணிக்கொருமுறை பெருங்கூட்டம் கூடும் இடம் ஒன்று உண்டு. அங்குள்ள பழைய கடிகாரத்தில் சிறு பொம்மை ஒன்று வெளிவந்து மணியடிக்கும். ஆயிரக்கணக்கான பொருள்கள் மௌனமாக நிற்கும் மாளிகையில் ஒலிக்கும் பொருள் அது, அதற்குத்தான் கூட்டம். மக்கள் கண்காட்சிக்கு வந்தாலும் செவியை வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

என் மனத்தை ஈர்த்தது வேறொன்று. ஒரே மரத்தில் இருபுறமும் செதுக்கப்பட்ட இரட்டைச் சிலை அது. முன்புறம் நிமிர்ந்து நிற்கும் ஆடவன். பின்புறம் தலை கவிழ்ந்து நிற்கும் பெண். கதேயின் நாடகத்தில் வரும் சாத்தானும் மார்கரெட் என்னும் பேதைப் பெண்ணும் அவர்கள். பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அவனை நேரிலும் அவளைக் கண்ணாடியிலுமாகத்தான் இருவரையும் ஒருசேரக் காணவியலும். என் உறவினர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "ஒரே மரத்தில் இருந்தும் இவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாதே!" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சொல் என்னைத் தொடர்ந்தது. கதேயின் பாத்திரங்களை நான் நினைக்கவில்லை. என் பாட்டனார் விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் கிடக்கும் மூன்று பழைய இசைத்தட்டுகளை நினைத்தேன். இரண்டு எஸ்.ஜி.கிட்டப்பா பாடியவை, ஒன்று கே.பி.சுந்தராம்பாள் பாடியது. தமிழுலகம் அறிந்த இசைத் தம்பதியருள் இவர்களினும் புகழ் வாய்ந்தவர் இலர். ஆயினும் அவர்களை நாம் நினைவிற் கொள்ளும் முறை அந்த இரட்டைச் சிலையைப் போன்றதே. ஒருவரை நேரே பார்க்கிறோம். மற்றவரை அவருடைய நிழலாகப் பார்க்கிறோம்.

இருவர், இரண்டு ஊர்

கிட்டப்பா 1906-இல் செங்கோட்டையில் பிறந்தவர். அந்நாளில் அவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. பிள்ளைப் பருவத்திலேயே மேடையேறி, கன்னையா நாடகக் குழுவில் பெரும்புகழ் எய்தினார். சுந்தராம்பாள் 1908-இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தவர். வறுமை காரணமாக ஓடும் இரயிலில் பாடிப் பிழைத்த சிறுமி அவர் என்றும், அக்குரலைக் கேட்டு அவரை நாடகத்துக்கு அழைத்துச் சென்றார்கள் என்றும் அவருடைய வரலாறு கூறும். ஒருவர் நாடகக் குழுவின் செல்லப்பிள்ளையாக வளர்ந்தவர். மற்றவர் பசியிலிருந்து பாட்டுக்கு வந்தவர். 1926-ஆம் ஆண்டளவில் இலங்கையில், நாடக மேடையில் சந்தித்தனர். 1927-இல் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மணமாகிச் செங்கோட்டையில் மனைவி இருந்தார். சாதியும் வேறு. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அந்த ஆறு ஆண்டுகளுக்குள்ளாகவே அவர்கள் கூடி வாழ்ந்தும், பிறந்த மகவை இழந்தும், மனம் வேறுபட்டுப் பிரிந்தும் ஆயிற்று.

இவ்வளவும் பலரும் அறிந்த செய்திகளே. பத்திரிகைகளிலும் நினைவு மலர்களிலும் இவ்விருவரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இதையே மீண்டும் மீண்டும் உருக்கமாகச் சொல்லும். அவற்றைப் படித்து முடித்த ஒருவர் சுந்தராம்பாள் எவ்வளவு அழுதார் என்று அறிவார்; எப்படிப் பாடினார் என்று அறியமாட்டார். கிட்டப்பா எவ்வளவு அழகர் என்று அறிவார். அவருடைய குரல் எத்தகையது, அது நம் மேடை இசைக்கு என்ன செய்தது என்று அறியமாட்டார். இக்குறையை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடையில் நிகழ்ந்தது என்ன?

அக்காலத்து 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறையை இன்றைய வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். ஒரு குழுவில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து நடிப்பது அன்று அது. புகழ்பெற்ற நடிகர்களைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்து அழைத்து வந்து ஒரே மேடையில் ஏற்றிவிடுவார்கள். கதை அனைவருக்கும் தெரிந்தது, பாட்டுகளும் தெரிந்தவை. ஆனால் எந்தப் பாட்டை எவ்வளவு நேரம் நீட்டுவது, எதிராளி பாடியதற்கு எவ்விதம் விடையிறுப்பது என்பதெல்லாம் அந்த இரவிலேயே, அந்த நொடியிலேயே தீர்மானமாகும். நம் ஊரில் சுரபி நாடகக் குழுவினரின் மேடையில் தெலுங்குப் பத்தியம் ஒலிக்கக் கேட்டவர்க்கு, ஒற்றைப் பாட்டின் நீட்டலில் அவை எவ்வாறு மெய்ம்மறக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இவ்விருவருக்கும் வாய்த்த நாடகம். தினைப்புனம் காக்கும் வள்ளியும் வேடனாக வரும் முருகனும் வழக்காடும் தர்க்கக் காட்சியே அதன் உயிர். அவன் கேட்பான், அவள் மறுப்பாள். அவன் புகழ்வான், அவள் எள்ளுவாள். இதனைப் பாட்டிலேயே நிகழ்த்த வேண்டும். இருவரில் ஒருவர் தளர்ந்தாலும் காட்சி சரிந்துவிடும். ஆகவே இது காதற்காட்சி மட்டுமன்று. இரண்டு சமபலமுள்ள பாடகர்களின் போட்டியுமாகும்.

இங்கே இசை நுட்பம் ஒன்றைக் கருத வேண்டும். பொதுவாக ஆணின் சுருதியும் பெண்ணின் சுருதியும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே மேடையில் மாறி மாறிப் பாடும்போது ஒருவருக்காக மற்றவர் தம் குரலை ஏற்றவோ இறக்கவோ வேண்டிவரும். அப்போது ஒரு குரல் தன் இயல்பை இழக்கும். கிட்டப்பாவின் குரல் வழக்கமான ஆண்குரலின் எல்லையைக் கடந்து மேலே நின்றது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை சென்று சேர்வதற்காக வளர்த்தெடுக்கப்பட்ட குரல் அது. சுந்தராம்பாளின் குரலும் அதே தேவையால், அதே கொட்டகைகளில் முறுக்கேறியது. ஆகையால் இவ்விருவரும் ஒரே தளத்தில் நின்று, எவரும் எவருக்காகவும் இறங்கி வராமல் பாட முடிந்தது. அவர்கள் இணை என்பதன் முதற்பொருள் இதுதான். தாலி கட்டியது பின்னர் நிகழ்ந்தது; சுருதி சேர்ந்தது முன்னரே நிகழ்ந்துவிட்டது.

எனினும் இருவர் பாணியும் ஒன்றன்று. கிட்டப்பாவின் தட்டுகளைக் கேட்போர் முதலில் வியப்பது வேகம். தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனையை அவர் பாடிய தட்டு இன்றும் இசை அறிந்தோரால் போற்றப்படுகிறது. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட அந்தச் சிறு பொழுதுக்குள் அருவி பாறையில் தெறிப்பதுபோல் பிருகாக்கள் தெறித்து விழும். குரல் மேலே செல்லும்போது முயற்சி தெரிவதில்லை. மேலே சென்றபின் இறங்க மனமில்லாததுபோல் நிற்கிறது. பின்னாளில் டி.ஆர்.மகாலிங்கம் போன்றோர் அவ்வழியைப் பின்பற்றிப் பெயர் பெற்றனர் என்றால், கிட்டப்பா ஒரு பாடகர் மட்டுமல்லர், ஒரு பாணியின் ஊற்றும் ஆவார் என்பது தெளிவு.

சுந்தராம்பாளின் சிறப்பு வேறு. அவருக்கும் வேகம் உண்டு. ஆனால் அவருடைய வேகம் சொல்லை விழுங்குவதில்லை. அவர் பாடும்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே கல்லில் வெட்டினாற்போல் நிற்கும். சிறப்பு ழகரமும் வல்லின றகரமும் அவர் வாயில் பெறும் மதிப்பை வேறெங்கும் காண்பது அரிது. கிட்டப்பா இராகத்தின் வழியே சொல்லை அடைந்தவர். சுந்தராம்பாள் சொல்லின் வழியே இராகத்தை அடைந்தவர் எனலாம். இந்த வேறுபாடே தர்க்கக் காட்சிக்குச் சுவையூட்டியிருக்க வேண்டும். ஒத்த சுருதி, ஒவ்வாத இயல்பு: இவை இரண்டும் கூடினாலன்றி வழக்காடுதல் சிறவாது.

கானல்வரி நினைவு

இத்தகைய இணையைத் தமிழ் இலக்கியம் முன்னரே கண்டிருக்கிறது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியை நினையாமல் இவர்கள் கதையைக் கருத இயலாது. புகார்க் கடற்கரையில் மாதவி யாழைத் தந்து வணங்க, கோவலன் பாடுகிறான். வேறொருத்தியை மனத்தில் வைத்துப் பாடினான் என எண்ணி, மாதவி தானும் ஒரு குறிப்புடையவள் போலப் பாடுகிறாள். அவன் அதை மெய்யென்று கொண்டு பிரிந்து போகிறான். உலகியல் காரணம் ஒன்றும் அங்கில்லை. பாட்டுக்குப் பாட்டு விடை கூறியதே பிரிவுக்குக் காரணமாயிற்று. இரண்டு கலைஞர் ஒரு வீட்டில் வாழ்வதன் இடரை இளங்கோவடிகள் இவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்.

பிரிந்தபின் மாதவி இருமுறை முடங்கல் எழுதுகிறாள். முதல் முடங்கலைக் கோவலன் ஏற்க மறுக்கிறான். இரண்டாவது முடங்கல் கோசிகன் கையில் காட்டுவழியில் அவனை அடைகிறது. அதைப் படித்தபின், அவள்மேல் குற்றமில்லை என அவன் தெளிகிறான். அதன் வாசகம் தன் பெற்றோர்க்குத் தான் எழுதவேண்டிய மன்னிப்புக்கும் பொருந்துவதைக் கண்டு, அந்த ஓலையையே அவர்களிடம் சேர்ப்பிக்கச் சொல்கிறான். ஒருத்தியின் அந்தரங்கச் சொல் பொதுச்சொல்லாக மாறும் இடம் அது.

சுந்தராம்பாளும் பிரிவுக் காலத்தில் கிட்டப்பாவுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை பிற்காலத்தில் அச்சேறின. ஏக்கமும் ஊடலும் கலந்த அவற்றைப் படித்துக் கண் கலங்காதவர் இல்லை. அவருடைய பிற்கால வாழ்க்கையும் சிலம்பின் கதையோடு வியப்பூட்டும் வகையில் பொருந்தி வருகிறது. கிட்டப்பா மறைந்தபின் வெள்ளாடை பூண்டார். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 1940-இல் திரைப்படத்தில் மாதவியின் மகளாகிய மணிமேகலையாக நடித்தார். 1964-இல் 'பூம்புகார்' படத்தில், கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு வழிநடத்தும் கவுந்தியடிகளாகத் தோன்றினார். ஒரு கதையினுள்ளேயே ஒருவர் வாழ்ந்து முடித்ததுபோல் தோன்றும்.

ஆயின் பொருத்தம் இவ்வளவு அழகாக அமையும்போதுதான் திறனாய்வாளன் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மாதவி துறவு பூண்டபின் பாடவில்லை. சுந்தராம்பாளோ பாடினார். மாதவியின் கதை கோவலனின் மரணத்தோடு ஏறத்தாழ முடிகிறது. சுந்தராம்பாளின் கதை அதன்பின் ஏறத்தாழ 47 ஆண்டுகள் நடக்கிறது. சிலப்பதிகாரத்தின் சட்டத்துக்குள் அவரைப் பொருத்திப் பார்த்தால், சட்டத்துக்கு வெளியே நிற்பதே பெரிதாக இருக்கிறது. நம் நினைவு மலர்கள் அதை வெட்டிவிட்டுச் சட்டத்துக்குள் அடங்குவதை மட்டும் வைத்துக்கொண்டன.

லைப்சிக் நகரத்து வீடு

பிறநாட்டார் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் நோக்குவோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இராபர்ட் சூமானும் கிளாரா சூமானும் மணம் புரிந்தபின் 1840 முதல் 1844 வரை வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக விளங்குகிறது. அவர் இசை இயற்றுபவர். அம்மையார் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்ற பியானோ கலைஞர், தாமும் இயற்றுபவர். கிளாராவின் 200-ஆம் பிறந்த ஆண்டாகிய 2019-இல் அங்கே புதிய காட்சியொன்றை அமைத்தனர். கலைஞர் இருவரின் இல்லறமே அதன் பொருள். அவ்விருவரும் மாறி மாறி ஒரே குறிப்பேட்டில் எழுதிவந்த இல்லற நாட்குறிப்பு புகழ்பெற்றது. கணவர் இசை இயற்றும் வேளையில் மனைவி பியானோப் பயிற்சி செய்ய இயலாது; ஓசை இடையூறாகும். எனவே பல நாள் அம்மையாரின் கருவி மூடியே கிடந்தது. இச்செய்தியை அந்நாட்குறிப்பு மறைக்கவில்லை.

சூமான் மனநோயுற்று 1856-இல் மறைந்தார். கிளாரா 1896 வரை வாழ்ந்தார். எட்டு மக்களைப் பெற்ற அத்தாய் கருப்பு உடை பூண்டு மேடைதோறும் சென்று வாசித்துக் குடும்பத்தைக் காத்தார். கணவரின் படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்தார். அங்கே கருப்பு, இங்கே வெள்ளை. அங்கே 40 ஆண்டு, இங்கே 47. பொருத்தத்தை எவரும் காண்பர். ஆனால் நாம் கற்கவேண்டியது வேறு. நீண்ட காலம் கிளாராவை 'சூமானின் மனைவி' என்று மட்டுமே உலகம் கூறிவந்தது. அவர் தாமே இயற்றிய இசையைத் தேடி எடுத்துப் பாடிக் கேட்டபின்புதான் அப்பார்வை மாறியது. துயரத்தைப் போற்றியதால் மாறவில்லை. இசையைக் கேட்டதால் மாறியது.

வெள்ளாடைக்கு அப்பால்

சுந்தராம்பாளின் தனித்த 47 ஆண்டுகளை அவ்வாறு கேட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது? 1935-இல் 'நந்தனார்' படத்தில் அவரே நந்தனாராக ஆண்வேடம் பூண்டார். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். அதற்கு ஒரு இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அந்நாளில் ஊரெங்கும் பேசப்பட்ட செய்தி. கல்கி அப்படத்தைக் கடுமையாக எள்ளி எழுதினார். திரைப்படம் என்ற வகையில் அவர் கூறியதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்ட ஒரு பெண், அந்த உறுதியைத் தடையாகக் கொண்டு ஒதுங்கவில்லை. அதையே வழியாகக் கொண்டு கதைத்தலைவன் இடத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். இதைத் துறவு என்பதைவிட ஆளுமை என்பதே பொருந்தும்.

1953-இல் ஜெமினியின் 'ஔவையார்'. அங்கே அவருடைய குரல் மாறிவிட்டது. பழைய தட்டில் கேட்கும் இளமைத் துள்ளல் இல்லை. அதன் இடத்தில் ஊர் மக்களையும் மன்னரையும் ஒரே தொனியில் அதட்டும் கிழவியின் அதிகாரம் வந்திருக்கிறது. 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையாராக வந்து, சினந்து நிற்கும் முருகனுக்கு அறிவுரை கூறும்போது, பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கிற்று என்று பிரித்தறிய இயலாது. ஒருகாலத்தில் வள்ளியாக நின்று முருகனோடு வழக்காடியவர், இப்போது பாட்டியாக நின்று அதே முருகனோடு வழக்காடுகிறார். இடையே ஏறத்தாழ 40 ஆண்டு. தர்க்கக் காட்சி முடியவில்லை. வயது மட்டும் ஏறியிருக்கிறது. இதனைத் துயரக் கதை என்று கூற என் மனம் ஒப்பவில்லை. மேடையில் கற்ற தொழிலை ஒருவர் கடைசிவரை கைவிடாமல் முதிரச் செய்த கதை என்றே கூறுவேன்.

இவற்றோடு, சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் நாட்டு விடுதலைக்காக மேடைதோறும் பாடியது, பின்னர்ச் சட்ட மேலவை உறுப்பினரானது, 1969-இல் வெளிவந்த 'துணைவன்' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றது, 1970-இல் பத்மஸ்ரீ பெற்றது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1980-இல் அவர் மறைந்தபோது தமிழகம் ஒரு கைம்பெண்ணை இழக்கவில்லை. ஒரு பெருங்கலைஞரை இழந்தது.

மறுபுறம் கிட்டப்பாவுக்கும் நாம் அநீதி செய்கிறோம். இக்காதற்கதையில் அவர் கைவிட்டுச் சென்றவர், மதுவுக்கு இரையானவர். கண்ணாடியைத் திருப்பி வைத்துப் பார்த்தால், 27 வயதுக்குள் ஒரு பாணியையே படைத்துவிட்டுப் போன இளைஞர் தெரிவார். அவருடைய குற்றத்தை மறைக்க வேண்டியதில்லை. செங்கோட்டையில் காத்திருந்த முதல் மனைவியையும் மறைக்க வேண்டியதில்லை. இருவர் கதை என்று நாம் கூறும் இதில் மூன்றாவதாக ஒரு பெண்ணும் உண்டு. அவர் பாடாதவர் என்பதால் அவர் துயரம் சிறிதாகிவிடாது. ஆனால் குற்றத்தைக் கூறியதோடு குரலைக் கேட்டுவிட்டதாக எண்ணிக்கொள்வது தவறு.

பேழையில் எதை வைப்பது?

என் இல்லத்திலும் இக்கேள்வி ஒருநாள் எழுந்தது. தகரப் பெட்டியிலுள்ள மூன்று தட்டுகளையும் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்டனர். அவற்றுள் ஒன்றில் விரிசல் கண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டில், ஒவ்வொரு சுற்றிலும் ஊசி அந்த விரிசலைத் தாண்டும்போது 'டக்' என்னும் ஓசை எழும். கிட்டப்பாவின் பாட்டை அந்தத் தாளத்தோடு சேர்த்தே நாங்கள் கேட்டுப் பழகியிருக்கிறோம். பழைய பொருள் வணிகர்கள் விலை கேட்கிறார்கள். பாதுகாக்கும் இடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. சென்னையில் 1994-இல் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், கோட்டையூர் அன்பர் ஒருவர் தனிமனிதராகச் சேர்த்த நூல்களும் நாடகத் துண்டறிக்கைகளும் பாட்டுப் புத்தகங்களும் போற்றிக் காக்கப்படுகின்றன என்பதை நினைத்தால் நம்பிக்கை பிறக்கிறது.

இசைத் தம்பதியர்க்கு ஒரு காட்சிக்கூடம் அமையுமாயின், அதன் முதல் அறையில் ஒளி வேண்டா என்பேன். படமும் வேண்டா, பட்டும் வேண்டா. இருண்ட அறையில் இருக்கை மட்டும் போட்டு, கிட்டப்பாவின் தட்டு ஒன்றும் சுந்தராம்பாளின் தட்டு ஒன்றும் அடுத்தடுத்து ஒலிக்க வேண்டும். யார், எவர், என்ன உறவு என்று எதுவும் சொல்லலாகாது. வந்தவர் இரு குரலையும் இரண்டு கலைஞர்களாக முதலில் அறியட்டும். இரண்டாம் அறையில் கொட்டகையைக் காட்டலாம்: ஆர்மோனியப் பெட்டி, நாடக நோட்டீசு, தர்க்கக் காட்சியின் திரை. மூன்றாம் அறையில் வாழ்க்கை. கடிதங்கள் அங்கேதான் இருக்க வேண்டும். அவற்றிலும் முழுவதையும் விரித்து வைக்க வேண்டியதில்லை. ஓர் ஆடவனுக்கென எழுதப்பட்ட சொல்லை ஊரார் வரிசையில் நின்று படிப்பதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் வேண்டும். மாதவியின் முடங்கல் பொதுவானது அதன் சொல்லாற்றலால். இவருடைய சொல்லாற்றலோ அவர் பாட்டில் பொதுவாகிவிட்டது. நான்காம் அறை நான்கிலும் பெரியதாக இருக்க வேண்டும். அது 1933-க்குப் பிற்பட்ட சுந்தராம்பாளுக்கு உரியது.

இவ்வொழுங்கை எனக்குக் கற்பித்தவர் எந்த நூலாசிரியருமல்லர், என் பாட்டியார். பாட்டனார் இளமையில் 'வள்ளி திருமணம்' பார்த்தவர். கிட்டப்பாவின் பெயரைச் சொன்னாலே முகம் மலர்வார். தட்டு வைக்கும் உரிமை அவருக்கே. கிட்டப்பா இரண்டு முறை பாடி முடித்தபின், அடுப்படியிலிருந்து பாட்டி குரல் கொடுப்பார்: "போதும், அவள் தட்டைப் போடுங்கள்." ஒருமுறை சிறுவனாகிய நான் காரணம் கேட்டேன். "அந்தப் பிள்ளை பாடிவிட்டுப் போய்விட்டான். இவள் இருந்து பாடினாள்" என்றார். அவர் கடிதங்களைப் படித்தவரல்லர், எழுத்தறியாதவர். செவியால் மட்டுமே தீர்ப்பளித்தார். இவ்விருவரைப் பற்றி நான் படித்த எதிலும் இதைவிடச் சுருக்கமான, இதைவிட நேர்மையான திறனாய்வைக் கண்டதில்லை.

கோப்புகளுக்குத் தலைப்பு எழுதுவது என் அன்றாட அலுவல். தலைப்பு பிழையானால் கோப்பு உள்ளே எவ்வளவு சீராக இருந்தும் பயனில்லை. தேடுபவர் கைக்கு அது அகப்படாது. ஆகவே தட்டுகளைக் கொடுக்கும் நாளில் அவற்றோடு சேர்க்கவேண்டிய குறிப்பட்டையை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். 'கிட்டப்பாவும் அவர் மனைவியும்' என்று அதில் இல்லை. 'அமர காதலர்' என்றும் இல்லை. அதில் உள்ளது இவ்வளவே:

எஸ்.ஜி.கிட்டப்பா, செங்கோட்டை, 1906 - 1933. கே.பி.சுந்தராம்பாள், கொடுமுடி, 1908 - 1980. இருவரும் மேடைப் பாடகர்கள். சில ஆண்டுகள் சேர்ந்து பாடினர். முதலில் கேட்கவும், பிறகு படிக்கவும்.